'பேரனைப் பார்க்க வாங்க'ன்னு கூப்பிடுறீங்க... டிக்கெட் யார் காசு?



புரட்டாசி பாதி தாண்டினாலே சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்லேர்ந்து ராமநாதபுரம் பக்கம் போற போன்கள்ல ஒரே பேச்சுதான். "தீபாவளிக்கு லீவு கிடைக்குமான்னு தெரியலப்பா. இந்த வாட்டி நீங்களும் அம்மாவும் இங்க வந்துட்டுப் போங்களேன். பிள்ளை உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

பாசமாத்தான் கூப்பிடுறோம், சந்தேகமே இல்ல. எந்தத் தேதி, எந்த ரயில், எத்தனை நாள் தங்குவீங்கன்னு எல்லாம் கேட்டுடுறோம். ஒண்ணு மட்டும் கேட்க மாட்டோம். இந்தப் பயணத்துக்குக் காசு எங்கேர்ந்து வருது?

நம்ம சேனல்ல எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபின்னு நிறையப் பேசியிருக்கோம். கோவா ட்ரிப்புக்கு மாசாமாசம் எப்படிச் சேர்க்கிறது, ஐபோனுக்கு இஎம்ஐ போடலாமான்னு கேள்விகள் வந்துக்கிட்டே இருக்கும். ஆனா "அப்பா அம்மா என் வீட்டுக்கு வந்து போற செலவை பட்ஜெட்ல எங்கே எழுதுறது?"ன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். பெத்தவங்க நம்ம வீட்டுக்கு வந்து போற செலவு, கூப்பிடுற நம்மளோட செலவு. வாடகை, கரண்ட் பில் மாதிரி அதுவும் நம்ம பட்ஜெட்ல ஒரு வரியா இருக்கணும். ஏன், எவ்வளவு, எப்படின்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

அவங்க நோட்டுல இருக்கிற செலவு

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, முதுகுளத்தூர்... எந்த ஊரா இருந்தாலும் சரி, அப்பா அம்மான்னு கூப்பிட்டாலும் வாப்பா உம்மான்னு கூப்பிட்டாலும் சரி, பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோட வர்றவங்க யாரும் கிடையாது. ஒரு பையில கருவாடு. ஒரு பையில கருப்பட்டி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர் முண்டு மிளகாய் வத்தல் ரெண்டு கிலோ. பேரனுக்கு டிரஸ், மருமகளுக்குப் புடவை. வீட்லேர்ந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ, இறங்கின இடத்துல இன்னொரு ஆட்டோ. கிளம்பும்போது பேரன் கையில ஒரு 500 ரூபாய் நோட்டு.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. ரயில் டிக்கெட்தான் அதுல சின்னத் தொகையா இருக்கும்.

ஓய்வூதியம் வாங்குற வாத்தியார் வீடுன்னா சமாளிச்சுடுவாங்க. படகுல கூலிக்குப் போறவர், கொஞ்சம் வானம் பார்த்த பூமி வச்சிருக்கிறவர், கோயில் பக்கம் சங்கு, பாசி கடை போட்டிருக்கிறவர் வீட்ல இது பெரிய தொகை. தமிழக அரசோட முதியோர் உதவித்தொகை மாசம் 1,000 ரூபாயா இருந்து 2023-லதான் 1,200 ஆச்சு. அதை நம்பி இருக்கிற ஒரு அப்பத்தா, ஒரு தடவை பேரப்பிள்ளைகளைப் பார்த்துட்டு வர்றதுக்குப் பல மாசத்து உதவித்தொகையைச் செலவு பண்றாங்க.

இதை உங்ககிட்ட சொல்லவே மாட்டாங்க. "மழையா இருக்குப்பா", "அம்மாவுக்கு முட்டி வலி", "வீட்டைப் பூட்டிட்டு எப்படி வர்றது"ன்னுதான் சொல்வாங்க. சில சமயம் அது நிஜமான காரணம். சில சமயம் கையில காசு இல்ல. போன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

2020-க்கு அப்புறம் டிக்கெட் விலை மாறியது தெரியுமா?

ஒரு காலத்துல 60 வயசு தாண்டின ஆண்களுக்கு ரயில் கட்டணத்துல 40%, 58 வயசு தாண்டின பெண்களுக்கு 50% சலுகை இருந்துச்சு. கொரோனா வந்தப்போ, 2020 மார்ச் 20-லேர்ந்து அதை நிறுத்தினாங்க. கொரோனா போச்சு, சலுகை மட்டும் திரும்பி வரல.

ஒரு எளிய கணக்கு. அடிப்படைக் கட்டணம் ஒருத்தருக்கு 400 ரூபாய்னு வைங்க. சலுகை இருந்தப்போ அப்பாவுக்கு 240, அம்மாவுக்கு 200. மொத்தம் 440. இப்போ 800. ஒரு வழிக்கு 360 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு மூணு தடவை வந்து போனா ஆறு பயணம், 2,160 ரூபாய். நமக்கு அது ஒரு வார இறுதியோட ஸ்விகி பில். அவங்களுக்கு "இந்த வாட்டி வேண்டாம்"னு முடிவெடுக்க வைக்கிற தொகை.

ராமேஸ்வரம் தீவுக்காரங்களுக்கு இன்னொரு சோதனையும் இருந்துச்சு. 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் போறது நின்னுபோச்சு. ரெண்டு வருஷத்துக்கும் மேல ரயில்கள் மண்டபம், ராமநாதபுரத்தோட திரும்பிடும். தீவுல இருக்கிற பெரியவங்க மூட்டை முடிச்சோட பஸ் பிடிச்சு, சாலைப் பாலத்தைத் தாண்டி வந்துதான் ரயில் ஏறணும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தாச்சு. சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில் எல்லாம் மறுபடியும் ராமேஸ்வரத்துலேர்ந்தே கிளம்புது. திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியா தாம்பரத்துக்குப் புது ரயிலும் அன்னைக்குத்தான் தொடங்குச்சு. பாலம் சரியாகிடுச்சு. காசு விஷயத்தை நாமதான் சரி பண்ணணும்.

புக்கிங் பண்றப்போ இந்த மூணையும் ஞாபகம் வைங்க:

• முன்பதிவு 2024 நவம்பர் 1-லேர்ந்து 120 நாள் இல்ல, 60 நாள்தான். தீபாவளி நேரத்து டிக்கெட்டுக்கு 60-வது நாள் காலையிலேயே உட்காரணும். உங்க ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோட சரிபார்த்து வச்சுக்கோங்க. இல்லைன்னா தட்கலும் போட முடியாது, பொது முன்பதிவு திறந்த உடனேயும் போட முடியாது.

• 60 வயசு ஆண், 45 வயசு பெண்ணுக்கு லோயர் பெர்த் கோட்டா தனியா இருக்கு. தனியாவோ ரெண்டு பேராவோ போனாத்தான் அது கிடைக்கும். உங்க டிக்கெட்டோட சேர்த்து நாலு பேரா ஒரே பிஎன்ஆர்ல போட்டா அந்தக் கோட்டா போச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் தனியா போடுங்க.

• திரும்பிப் போற டிக்கெட்டையும் நீங்களே போடுங்க. "போறதை அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டா, அந்தச் செலவு சத்தமில்லாம அப்பா தலையில விழும்.

அவங்க காலண்டர் வேற, நம்ம ஹெச்ஆர் காலண்டர் வேற

நாம லீவு லிஸ்ட்டைப் பார்த்துட்டு "ஐப்பசில வாங்க"ன்னு சொல்றோம். அவங்களுக்கு ஐப்பசின்னா என்னன்னு யோசிக்கிறோமா?

ராமநாதபுரம் மாவட்டத்துல மானாவாரி நெல் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறது. மிளகாய்க்கும் இதே சமயத்துலதான் வேலை ஆரம்பிக்கும். நிலம் வச்சிருக்கிற அப்பா இப்போ வயலை விட்டு நகர மாட்டார். அவருக்கு ஓய்வுன்னா அறுப்பு முடிஞ்சு, பொங்கலுக்கு அப்புறம்தான். ராமேஸ்வரத்துல கடை, லாட்ஜ், கோயில் சம்பந்தப்பட்ட தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள்தான் கையில நாலு காசு பார்க்கிற நாட்கள். மகாளய அமாவாசை நேரத்துல "வாங்க"ன்னா எப்படி வருவாங்க?

இன்னொரு பக்கம், உப்பளத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு மழை ஆரம்பிச்சா உற்பத்தி நின்னுடும். பனை ஏறுறவங்களுக்கும் பதநீர் பருவம் முடிஞ்சிருக்கும். விசைப்படகு வச்சிருக்கிறவங்களுக்கும் அதுல போறவங்களுக்கும் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

கவனிச்சீங்களா? இவங்களுக்கு எப்போ நேரம் இருக்கோ, அப்போ வருமானம் இருக்காது. வருமானம் வர்றப்போ நேரம் இருக்காது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வர்ற செலவை அவங்க மேல விடக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் முக்கியமான காரணம். மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்ற நமக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதனால நம்மகிட்டதான் இது நிதியா சேரணும்.

வானிலையையும் விட முடியாது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டா கடற்கரையையே புரட்டிப் போட்டது. கார்ல கூட்டிட்டு வர்ற எண்ணம் இருந்தா, புரட்டாசி கடைசிக்குள்ள முடிச்சுடுங்க, இல்லைன்னா தை மாசத்துக்குத் தள்ளுங்க. கொட்டுற மழையில கிழக்குக் கடற்கரைச் சாலையில வயசானவங்களோட ராத்திரிப் பயணம் வேண்டவே வேண்டாம்.

சரி, எவ்வளவு ஆகும்?

ரெண்டு கணக்கு போடுறேன். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ரூட்டுக்கு இன்னைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கோங்க.

*சின்னக் கணக்கு: வருஷத்துக்கு ஒரு தடவை, ரயில்ல, ஒரே ஒரு வீட்டுக்கு*

• ஸ்லீப்பர் டிக்கெட், போக வர 4 × 450 = 1,800
• ரெண்டு பக்கமும் ஆட்டோ, டாக்ஸி = 1,600
• வழியில சாப்பாடு, டீ, தண்ணி = 600
• கிளம்புறதுக்கு முன்னாடியே அம்மா கையில = 3,000

மொத்தம் 7,000. பன்னெண்டால வகுத்தா மாசம் 583. ரவுண்டா 600 ரூபாய்.

*பெரிய கணக்கு: மழைக்கு முன்னாடி ஒரு சுற்று, எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும்*

மூணு நாலு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு ஊர்ல. அப்பா அம்மா ராமநாதபுரத்துல கிளம்பி மதுரை, அங்கேர்ந்து கோவை, பெங்களூரு, சென்னைன்னு ஒவ்வொரு வீட்லயும் நாலஞ்சு நாள் தங்கிட்டு ஊர் திரும்புறாங்க. தூரம் சுமாரா 115 + 215 + 365 + 345 + 510. மொத்தம் 1,550 கி.மீ.

• டிராப் டாக்ஸி, கி.மீ.க்கு 14 ரூபாய் வச்சா = 21,700
• டோல், டிரைவர் பேட்டா, பார்க்கிங் = 5,000
• வழிச் சாப்பாடு = 2,500
• அம்மா கையில = 6,000
• எதிர்பாராத செலவுக்கு = 5,000

மொத்தம் 40,200. மாசம் 3,350 ரூபாய்.

இதுல ஒரு பொறி இருக்கு. "மொத்த டூருக்கும் ஒரே வண்டியை வச்சுக்கலாமே"ன்னு தோணும். அப்படி எடுத்தா, வண்டி சும்மா நிக்கிற நாளுக்கும் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ.ன்னு போட்டுக் காசு கேட்பாங்க. ஒரு நாளைக்கு 250 கி.மீ.ன்னு வச்சா, 15 நாளுக்கு 250 × 14 × 15 = 52,500 ரூபாய், அதுவும் வண்டி வாடகை மட்டும். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா ஒரு வழி வண்டி எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாத் தூரத்தையும் ரோட்லயே போகணும்னும் இல்ல. மதுரை, கோவை வரைக்கும் கார். சென்னையிலேர்ந்து ஊருக்கு ராத்திரி ரயில்ல லோயர் பெர்த். 510 கி.மீ. கார் வாடகை 7,140 ரூபாய் மிச்சம், முதுகும் மிச்சம். பெங்களூரு மட்டும் போறவங்களுக்கு மதுரையிலேர்ந்து வந்தே பாரத் 2024-லேர்ந்து ஓடுது. அது பகல் ரயில், உட்கார்ந்துதான் போகணும். காலை நீட்டிப் படுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ராத்திரி ரயில்தான் சரி.

உங்க வீட்ல யாராவது சொந்தக் கார் வச்சிருந்தா ஆக்டிங் டிரைவர் போட்டுக்கலாம். 2025 ஆகஸ்ட் 15-லேர்ந்து சொந்த கார்களுக்கு ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வந்திருக்கு, தொடங்கினப்போ விலை 3,000 ரூபாய். 200 டிரிப் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் தேசிய நெடுஞ்சாலை டோல்கள்ல செல்லும். அடிக்கடி ஊர் போற குடும்பத்துக்கு லாபம்.

அண்ணன் எவ்வளவு, தங்கச்சி எவ்வளவு?

குடும்பத்துல சண்டை வர்ற இடம் இதுதான். அதனால பேசாமலே விட்டுடுறோம்.

சமமாப் பிரிக்கிறது பார்க்க நியாயமாத் தெரியும். ஆனா ஒருத்தர் சம்பளம் 40,000, இன்னொருத்தர் 60,000, மூணாமவர் ஒரு லட்சம்னா? சம்பளத்தோட விகிதத்துல பிரிங்க. 20%, 30%, 50%. மாசம் 3,350 ரூபாய்ல 670, 1,005, 1,675. யாருக்கும் பாரம் இல்ல.

பொண்ணுங்க விஷயத்துல என் கருத்தை நேரடியாவே சொல்லிடுறேன். "பொண்ணுகிட்ட காசு வாங்கக் கூடாது"ன்னு அப்பாக்கள் சொல்வாங்க. அதே அப்பா மகன் வீட்ல இருபது நாள் இருப்பார், மகள் வீட்ல ரெண்டு நாள்ல கிளம்பிடுவார். "சம்பந்தி வீடு, எத்தனை நாள் இருக்கிறது?" சம்பாதிக்கிற மகள் இந்த நிதியில பங்கு போட்டா, அந்தச் சுற்றுல அவ வீட்டுக்கும் சமமான நாள் கேட்க முடியும். அந்தப் பணம் அவளோட உரிமையையும் சேர்த்துக் காட்டுது.

கல்யாணம் ஆனவங்களுக்கு இன்னொண்ணு. உங்க அப்பா அம்மாவுக்கு ஒரு வரி எழுதினா, உங்க மனைவியோட அல்லது கணவரோட அப்பா அம்மாவுக்கும் ஒரு வரி எழுதணும். ஒண்ணு பட்ஜெட்ல, இன்னொண்ணு தயவுலன்னு இருந்தா, அந்த வீட்ல பண விஷயத்துல நிம்மதி இருக்காது.

இந்தப் பணத்தை எங்கே வைக்கிறது?

எஸ்ஐபில வேண்டாம். ஈக்விட்டி ஃபண்டுல போட்டுட்டு, டிக்கெட் எடுக்கிற மாசம் பார்த்து மார்க்கெட் இறங்கினா, "அடுத்த வருஷம் வரச் சொல்லலாம்"னு ஆகிடும். ஒரு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணம் இது. ஆர்டி போதும். பல வங்கிகள்ல 60 வயசு தாண்டினவங்களுக்கு வட்டி கொஞ்சம் கூடுதல். அதனால அம்மா பேர்லயே ஆர்டி போட்டு, மாசாமாசம் நீங்க பணம் அனுப்பலாம். பிள்ளைங்க கொடுக்கிற பணத்துக்குப் பெத்தவங்க வருமான வரி கட்ட வேண்டியதில்ல. அம்மா பேர்ல இருந்தா இன்னொரு நன்மை: உங்ககிட்ட கேட்காமலே அவங்களால கிளம்ப முடியும்.

"என் சிடிசில எல்டிஏ இருக்கே, அதைப் பயன்படுத்தலாமா?"ன்னு கேட்பீங்க. மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அந்த வரி விலக்கு பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான். புது முறையில கிடையாது. ரெண்டு, உங்களைச் சார்ந்து வாழுற பெற்றோர் அதுல வருவாங்க, ஆனா நீங்களும் கூடவே பயணம் பண்ணியிருக்கணும். அவங்க மட்டும் உங்க வீட்டுக்கு வர்றது கணக்குல வராது. மூணு, பயணக் கட்டணம் மட்டும்தான், நாலு வருஷத் தொகுதிக்கு ரெண்டு தடவை. 2022-2025 ஒரு தொகுதி, அடுத்தது 2026-2029. பழைய முறையில இருக்கிறவங்க, நீங்க போய்க் கூட்டிட்டு வர்ற மாதிரி திட்டம் போட்டா பிரயோஜனம் உண்டு.

உங்க ஊர்ல வச்சு உடம்புக்கு வந்தா?

இதை யாரும் முன்கூட்டி யோசிக்கிறதில்ல. பெற்றோருக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பீங்க. சில பாலிசிகள்ல பிரீமியம் ஊரைப் பொறுத்து மாறும். சின்ன ஊர் விலாசத்துல குறைஞ்ச பிரீமியம் கட்டியிருப்பீங்க. அந்தப் பாலிசியோட பெரிய நகரத்து ஆஸ்பத்திரில சேர்ந்தா, பில்லுல ஒரு பங்கை நீங்களே கட்டணும்னு நிபந்தனை இருக்கும். அதாவது ராமநாதபுரத்துல செல்லுற முழுப் பாதுகாப்பு, பெங்களூருல உங்க வீட்ல இருக்கிறப்போ குறைஞ்சு போகலாம்.

அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி பாலிசி பேப்பரை எடுத்து 'சோன்', 'கோ-பே'ன்னு ரெண்டு வார்த்தையைத் தேடுங்க. உங்க வீட்டுக்குப் பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில கேஷ்லெஸ் இருக்குன்னு குறிச்சு வைங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு மட்டும் இருந்தா, அது எங்கே செல்லும்னு முன்னாடியே விசாரிங்க. தங்குற நாளைவிட ஒரு வாரம் கூடுதலா பிரஷர், சுகர் மாத்திரை எடுத்து வரச் சொல்லுங்க. மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. கார்ல வந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி அவங்களை நடக்க வைங்க. அம்மாக்கள் வழியில டாய்லெட் சரியா இருக்காதேன்னு பயந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. சுத்தமான கழிப்பறை இருக்கிற இடமாப் பார்த்து நிறுத்தச் சொல்லி டிரைவர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

பார்க்கவா, பார்த்துக்கவா?

இது கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் கேட்டே ஆகணும்.

அப்பா அம்மாவை நாம கூப்பிடுறது எப்போ? டேகேர் பத்து நாள் லீவு. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா ஊருக்குப் போயிட்டாங்க. ஆபீஸ்ல ரிலீஸ். அப்போதான் "பிள்ளை உங்களைக் கேட்கிறான்" ஞாபகத்துக்கு வருது.

அம்மா வர்றாங்க. காலையில டிபன், மதியம் டப்பா, பேரனை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டு இறக்கிக் கூட்டிட்டு வர்றது, சாயங்காலம் பால். அப்பா ரேஷன் கடை மாதிரி தினம் சூப்பர் மார்க்கெட் வரிசையில நிக்கிறார். நாம ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கிறோம். இருபது நாள் கழிச்சு ரயில் ஏறுறப்போ அவங்க பேரனோட இருந்திருப்பாங்க. நம்மகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டாங்க.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிறது அவங்களுக்கும் சந்தோஷம்தான், மறுக்கல. ஆனா டேகேர் வச்சா மாசம் எவ்வளவு, சமையலுக்கு ஆள் வச்சா எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அவ்வளவு வேலையையும் செஞ்சு கொடுத்துட்டு, டிக்கெட்டையும் அவங்களே எடுத்துட்டு வர்றாங்கன்னா, அந்தக் குடும்பத்துல யார் யாருக்கு உதவி பண்றாங்க?

அதனால என்னோட பரிந்துரை: வருஷத்துல ஒரு வருகையாவது 'பார்க்க' மட்டும் இருக்கட்டும். அவங்க வர்ற நாட்கள்ல ரெண்டு நாள் நீங்க லீவு போடுங்க. அந்த ரெண்டு நாளும் அடுப்படி உங்க பொறுப்பு. லீவும் பட்ஜெட் மாதிரிதான், ஜனவரிலயே ஒதுக்கினாத்தான் டிசம்பர்ல மிஞ்சும்.

"ஆனா ப்ரோ..."

*"என் சம்பளமே 28,000. ரூம் வாடகை, எஜுகேஷன் லோன், வீட்டுக்கு அனுப்புறது போக ஒண்ணும் மிஞ்சல."*

மாசம் 600 ரூபாய்க் கணக்கு உங்களுக்காகத்தான் போட்டேன். அதுவும் முடியலைன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு 300 ரூபாய் வைங்க. ரூம்ல தங்க இடமில்லைன்னா, நீங்க ஊருக்குப் போற செலவை இதே நிதியில எடுங்க. கடன் வாங்கியோ கிரெடிட் கார்டுல தேய்ச்சோ கூட்டிட்டு வராதீங்க. அது தெரிஞ்சா அவங்களுக்கு இறங்கின காபி கூட கசக்கும்.

*"எங்க அப்பா காசு கொடுத்தா வாங்கவே மாட்டார்."*

கொடுக்கிறேன்னு சொல்லாதீங்க. டிக்கெட்டை நீங்களே எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. டாக்ஸிக்கு முன்கூட்டியே கட்டிடுங்க. அம்மா கணக்குக்கு மாசாமாசம் தானா போற மாதிரி வங்கில ஏற்பாடு பண்ணிடுங்க. காசை மறுக்கிற அப்பா, எடுத்த டிக்கெட்டை வீணாக்க மாட்டார்.

*"அடுத்த வருஷம் இன்க்ரிமென்ட் வரட்டும், பார்க்கலாம்."*

அப்பாவுக்கு 63 வயசு, வருஷம் ஒரு தடவை பத்து நாள் வந்து தங்குறார்னு வைங்க. 75 வரைக்கும் அவரால நல்லபடியா பயணம் பண்ண முடிஞ்சா, பன்னெண்டு தடவை, 120 நாள். நாலு மாசம். ஒரு வருஷம் தள்ளிப் போட்டா அதுல பத்து நாள் குறையும். அந்தப் பத்து நாளை எந்த இன்க்ரிமென்ட்டும் திருப்பிக் கொடுக்காது.

இந்த வாரக் கடைசில செய்ய வேண்டியது

1. ஊருக்கு போன் பண்ணி "எப்போ வர்றீங்க?"ன்னு கேட்காம, "உங்களுக்கு எந்த மாசம் வேலை இல்லாம இருக்கும்?"னு கேளுங்க.

2. அண்ணன், அக்கா, தம்பிகூட பேசி, சம்பள விகிதத்துல மாசத் தொகையை முடிவு பண்ணுங்க.

3. அம்மா பேர்ல ஆர்டி. முதல் தவணை இந்த மாசமே.

4. அவங்க சொன்ன மாசத்துலேர்ந்து 60 நாள் பின்னாடி எண்ணி, புக்கிங் தேதிக்கு போன்ல அலாரம் வைங்க. போற டிக்கெட், வர்ற டிக்கெட் ரெண்டுக்கும்.

5. பாலிசி பேப்பர்ல அந்த ரெண்டு வார்த்தையைத் தேடுங்க.

உங்க ஊரிலேர்ந்து உங்க வீட்டுக்கு எந்த ரூட், எவ்வளவு ஆகுதுன்னு கீழ எழுதுங்க. அதே ரூட்ல அப்பா அம்மா இருக்கிற இன்னொருத்தருக்கு உதவியா இருக்கும். பெற்றோர் ஹெல்த் பாலிசில கோ-பே நிபந்தனையை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல விரிவா பார்க்கலாம்.